வெளிச்சம் பட்ட ஃபிலிம்

அந்த மூவி கேமராவை நான் வாங்கியது என் தங்கையின் முகத்தை வீட்டில் நிறுத்தி வைத்துக்கொள்வதற்காக. சினிமா எடுக்கும் ஆசையா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். சினிமாவும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கல்யாணமாகாத ஒரு பெண்பிள்ளை தோளில் அப்படி ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூருக்கு அப்போது பெரிய கம்பெனிகள் வரவில்லை. வேலை வேண்டுமென்றால் எல்லை தாண்டிப் பெங்களூர்தான். அங்கே கைக்கடிகாரம் செய்யும் ஒரு ஃபாக்டரியில் இருந்தேன். கண்ணில் ஒரு குட்டி லென்ஸை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் பல்சக்கரங்களை எடுத்து வைக்கிற வேலை. எங்கள் வரிசை முழுக்கப் பெண்கள்தான். வார நாட்களில் ஹாஸ்டல், சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஓசூர் பஸ், திங்கள் விடிந்தும் விடியாமலும் திரும்பிவிடுவேன். வீட்டில் அம்மாவும் தங்கையும். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே காலமாகிவிட்டார்.

தங்கை என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்குத் தலை பின்னியது, பேன் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, கணக்கு வராதபோது குட்டியது எல்லாம் நான். அம்மா பெற்றாள், அக்கா வளர்த்தாள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். எங்களைச் சேர்த்து நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களும் மற்றபடி கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீடுகளும் கலந்த தெரு அது. மூன்று பாஷையிலும் இதையேதான் சொன்னார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

அவள் பள்ளிப் படிப்பை முடித்த வருடம் டீச்சர் டிரெயினிங்கில் சேர்ப்பதற்கு நான் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைகிறேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "அக்கா, நான் மடத்துல சேரப் போறேன்" என்றாள். கன்னியாஸ்திரியாகப் போகிறாளாம். தேவ அழைத்தல் வந்திருக்கிறதாம். கத்தினேன், கெஞ்சினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே அதே வார்த்தையைச் சொன்னாள். ஒரு ஆளோடு ஓடிப்போகிறேன் என்றிருந்தால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். சாமியோடு எப்படி மல்லுக்கட்டுவது? "போட்டும் விடு, குடுத்து வெச்சவங்களுக்குத்தான் அந்த பாக்கியம்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

போகிற தேதி முடிவானதும் அம்மாவுக்கே மனசு ஆறவில்லை. "அங்க முடியை வெட்டிருவாங்களாம். அவ முகத்தை இப்படியே எனக்குப் புடிச்சி வெச்சிக் குடுடி" என்று என்னிடம் கேட்டாள். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனேன். விளக்கைப் போட்டதும் தங்கை கட்டை மாதிரி ஆகிவிட்டாள். வந்த போட்டோவில் இருந்தது யாரோ ஒருத்தி. என் தங்கை ஓர் இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. பேசினால் கையும் பேசும், சிரித்தால் பின்னல் முன்னால் வந்து விழும். அவளை நிறுத்தி வைத்து எடுத்தால் அது அவளே இல்லை. நடக்கிற படம் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

ஹாஸ்டல் வார்டன் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அவருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று சொல்லி என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் வீடு முழுக்க டிரங்குப் பெட்டிகள். அவற்றின் நடுவே ஒரு தோல் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், அதில் அந்தக் கேமரா. கையில் எடுத்தால் அம்மிக் குழவி கனம் கனத்தது. முன்பக்கம் ஒரு வட்டத் தகடு, அதில் மூன்று லென்ஸ். தகட்டைத் திருப்பினால் வேண்டிய லென்ஸ் நடுவுக்கு வரும். குட்டையானது முற்றம் முழுவதையும் பிடிக்கும், நடுத்தரமானது ஆளைப் பிடிக்கும், நீளமானது தூரத்தில் இருப்பவர் முகத்தைக் கிட்டே இழுக்கும் என்று அரைகுறைத் தமிழில் விளக்கினார். மின்சாரம் தேவையில்லை, பக்கவாட்டில் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் ஓட்டும்.

"உனக்குப் படம் எடுக்கத் தெரியுமா?" என்றார்.

"கடியாரம் பூட்டத் தெரியும்" என்றேன்.

சாவி கொடுத்து, காதருகே வைத்து ஓடவிட்டுக் கேட்டேன். ஓட்டம் முதலிலும் கடைசியிலும் ஒரே சீராக இருந்தது. எவனோ நல்ல வேலைக்காரன் செய்த ஸ்பிரிங். கல்யாணத்துக்கென்று போட்டு வைத்திருந்த பணம் அன்றைக்கு அந்த வீட்டில் கைமாறியது.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நீள லென்ஸின் மூடியைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி ஓரமெல்லாம் பூசணம், சிலந்தி வலை கட்டியது போல. பெரியவர் மற்ற இரண்டையும் திறந்து காட்டினாரே தவிர இதை மூடியோடு வைத்துக்கொண்டே பேசியது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிற கப்பல் கவிழட்டும் என்று வயிறெரிந்து சபித்தேன்.

அந்த எரிச்சலில் இருக்கும்போது எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் மைசூர் ஸ்டேட்டில் சாராயக் கடை திறந்திருக்கும், இந்தப் பக்கம் மதுவிலக்கு. ஆகவே போலீஸ்காரர்கள் பையைப் பையாகத் துழாவுவார்கள். தோல் பெட்டியைக் கண்டதும் ஒரு கான்ஸ்டபிளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "என்னம்மா, பாரின் சரக்கா?" என்று திறந்தவர், நீள லென்ஸை எடுத்துக் குலுக்கி முகர்ந்து பார்த்தார். "சார், அது கண்ணாடி. அதைக் குடிக்க முடியாது" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவர் அதைத் தொப்பென்று போட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

பூசணத்தை நானே எடுத்தேன். முன் வளையத்தைக் கழற்றி, கடிகார எண்ணெய் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தேன். ஓரத்தில் லேசாக ஒரு தழும்பு நின்றது, நடுவில் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சம் புகாமல் கேமராவின் பக்கக் கதவைச் சுற்றி ஒட்டியிருந்த வெல்வெட்டும் தேய்ந்திருந்தது. அதற்கும் புதுத் துணி வைத்து ஒட்டினேன்.

ஃபிலிம் ஒரே ஒரு ரோல்தான் கிடைத்தது. எடுத்து முடித்ததைப் பம்பாய்க்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும். அங்கே மருந்தில் கழுவி, அதே ஃபிலிமைப் படமாக்கித் திருப்பி அனுப்புவார்கள். ஸ்டூடியோ போட்டோ மாதிரி நெகட்டிவ் கிடையாது. போனால் போனதுதான்.

ரோலை மாட்ட நிழலே போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் புகாமல் தங்கை ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் கம்பளியைத் தரையோடு அமுக்கிக்கொண்டார்கள்.

"எதுக்குடி இப்படி உள்ள வெந்து சாவறே?" என்றாள் அம்மா.

"வெளிச்சம் பட்டா எல்லாம் அழிஞ்சி போயிடும்மா. எடுத்த பின்னாடியும் அப்படித்தான். பம்பாய்ல கழுவற வரைக்கும் வெயில் காட்டக் கூடாது."

"ஒரு தடவை பட்டாக் கூடவா?"

"ஒரு தடவை பட்டாப் போதும்."

கம்பளிக்குள்ளிருந்து நானே இதையெல்லாம் சொன்னேன்.

தங்கை போவதற்கு முந்திய சனி ஞாயிறுகளில் எடுத்தேன். முற்றத்தில் அவள் சாம்பிராணிப் புகையில் கூந்தலை விரித்துக் காயவைத்ததைக் குட்டை லென்ஸில் எடுத்தேன். முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்கு நடந்து போனதை நடு லென்ஸில். களி கிண்டும்போது துடுப்பை என் பக்கம் ஓங்கிக்கொண்டு வந்ததையும் எடுத்தேன். கிட்டே போனால் மட்டும் அவளுக்கு அந்த ஸ்டூடியோ முகம் வந்துவிடும். "போதும்க்கா" என்று திரும்பிக்கொள்வாள். அதனால் முகத்தை நீள லென்ஸில், அவளுக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து எடுப்பது என்று வைத்திருந்தேன்.

கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மணிக்கூண்டில் ஏறினேன். அங்கிருந்து எங்கள் வீட்டுப் பின்பக்கக் கிணற்றடி தெரியும். தங்கையும் அம்மாவும் அங்கே நின்றிருந்தார்கள். அந்தக் கேமராவில் நாம் கண் வைத்துப் பார்க்கிற துளை தனி, படம் பிடிக்கிற லென்ஸ் தனி. லென்ஸ் எவ்வளவு கிட்டே இழுக்கிறது என்பது ஃபிலிமுக்குத்தான் தெரியும். என் கண்ணுக்கு இரண்டு பேரும் விரல் உயரம்தான். ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா குனிந்தாள். குடத்தை எடுக்கிறாள் என்று நினைத்தேன். தங்கை பின்னால் நகர்ந்தாள். ஸ்பிரிங் தளர்ந்ததும் மறுபடி சாவி கொடுத்து, ஃபிலிம் தீருகிற வரைக்கும் எடுத்தேன். தீரும்போது அம்மா கண்ணுக்கு மேலே கையை வைத்து மணிக்கூண்டைப் பார்த்தாள். நான் கையசைத்தேன். அவள் திரும்ப அசைக்கவில்லை.

மறுநாள் விடியலில் நான் பெங்களூர் பஸ் ஏறினேன். அன்றைக்கே அம்மா தங்கையைக் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மடத்தில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்றதற்கு "வேணாம்க்கா, நீ வந்தா நான் போக மாட்டேன்" என்றாள் தங்கை. அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். ஃபிலிமை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கேமராவை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனேன். அடுத்த சனிக்கிழமை வந்து, பழையபடி கம்பளிக்குள் உட்கார்ந்து ரோலைக் கழற்றினேன். அம்மா கம்பளியைச் சுற்றிச் சுற்றி அமுக்கிக் கொடுத்தாள். இருட்டில் தடவியபோது சுற்று கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. பழைய கேமரா, சுற்றுகிற இடம் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு டப்பாவில் போட்டு ஒட்டிவிட்டேன்.

பம்பாயிலிருந்து பார்சல் வந்த சமயம், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார வேன் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வந்திருந்தது. ஊர் ஊராகத் திரை கட்டிப் படம் காட்டுகிற வேன் அது. அதில் இருக்கிற புரொஜெக்டரில் என் ஃபிலிமும் ஓடும். ஆப்பரேட்டரிடம் கேட்டேன், நல்ல மனுஷன், சரி என்றார். கோயில் வளாகத்துக்குள் அந்த வேனை விட பங்குச் சாமியார் ஒப்பவில்லை. அதனால் எதிரே சந்தைத் திடலில் திரை கட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மா முன்வரிசையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு.

இரண்டு பிள்ளை போதும் என்கிற படம் முடிந்தது. என் ரோலை மாட்டினார். திரை வெள்ளையாக நின்றது. ஆரம்பம் அப்படித்தான் இருக்கும் என்று காத்திருந்தோம். வெள்ளையாகவே ஓடியது. நடுநடுவே கறுப்பாக என்னவோ கீறலும் திட்டும் வந்து போயின. "ஏனம்மா இது, மோடமா?" என்று பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் கேட்டார். வானத்து மேகத்தைப் படம் எடுத்திருக்கிறேனாம். பின்னால் பையன்கள் சிரித்தார்கள். சுருள் தீர்ந்து வால் படபடவென்று அடித்துக்கொண்டது.

அம்மா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். "என் பொண்ணு முகம்... என் பொண்ணு முகம் போச்சே" என்று அழுதாள். தெருப் பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டார்கள். நான் என் அழுகையை விட்டுவிட்டு அவளுக்குத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன்.

முதலில் ஆஸ்திரேலியாக்காரரைத்தான் திட்டினேன். பூசண லென்ஸை மறைத்தவர் ஓட்டைக் கேமராவையும் மறைத்திருப்பார். எங்கோ வெளிச்சம் கசிகிறது. ஏனென்றால் வெளிச்சமே படாத ஃபிலிம் கன்னங்கரேலென்றுதான் வரும். அளவுக்கு மேல் பட்டதுதான் இப்படி வெளுத்துப் போகும். இதைத் தெரிந்துகொள்ளுகிற அளவுக்கு நான் படித்திருந்தேன். கசிவைக் கண்டுபிடித்தே தீருவது என்று கேமராவை ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனேன். ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் ஒரு துண்டு போட்டோ பேப்பர் வாங்கி, இருட்டில் உள்ளே வைத்து மூடி, மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கப் போட்டு வைத்தேன். கழுவிப் பார்த்தார். பேப்பரில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. கேமரா சுத்தம். நான் வைத்த வெல்வெட் ஒரு மயிரிழை வெளிச்சத்தைக்கூட உள்ளே விடவில்லை.

அப்படியென்றால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். வெறுமனே திறந்து மூடியிருந்தால் மேல் சுற்றுகள்தான் போயிருக்கும், உட்சுற்றில் கொஞ்சமாவது படம் மிஞ்சியிருக்கும். இதில் தலை முதல் வால் வரை ஒன்றும் இல்லை. முழுக்க வெளியே இழுத்து, வெயிலில் காட்டி, மறுபடி சுற்றி வைத்திருக்கிறார்கள்.

ஃபாக்டரியில் கண்ணில் மாட்டுகிற லென்ஸை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபிலிமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தேன். திரையில் கறுப்புத் திட்டாக வந்தவை விரல் ரேகைகள். எண்ணெய்க் கையால் தொட்டிருந்தால் அந்த இடத்தில் மருந்து ஏறாது, அச்சு நின்றுவிடும் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார். வழியெல்லாம் ரேகை. அதில் பெருவிரல் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. அதன் வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். அம்மா அரிவாள்மனையில் பலாக்காய் நறுக்கும்போது பட்ட வெட்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்தப் பெருவிரல்தான் என் நெற்றியில் சிலுவை போடும். தழும்பு நெற்றியில் சொரசொரவென்று உரசும். கண்ணிலிருந்து லென்ஸ் நழுவி மடியில் விழுந்தது. தான் அழித்த ஃபிலிமுக்கு வெளிச்சம் படாமல் கம்பளி அமுக்கிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றுமே வராது என்று தெரிந்தே நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பார்சல் வந்துவிட்டதா என்று அவள் ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய், அம்மாவின் கையைப் பிடித்து, ஃபிலிமின் பக்கத்தில் பெருவிரலை வைத்தேன்.

"இது யாரோட விரல்?"

பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "என்னுதுதான்" என்றாள்.

"ஏம்மா? நீதானே கேட்டே? முகத்தைப் புடிச்சி வெச்சிக் குடுன்னு நீதானே கேட்டே?"

"அதுல இருக்கக் கூடாதது விழுந்திருச்சி. விட்டுரு."

"என்ன விழுந்திருச்சி?"

"நேர்ச்சை ஒண்ணு இருந்துச்சி. குடுத்தாச்சி. அது எனக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு. உனக்கெதுக்கு?" என்று கையை உருவிக்கொண்டாள். பிறகு நான் கத்தக் கத்த அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

நேர்ச்சை என்ற ஒரு வார்த்தை எனக்குப் போதும். ஆபத்து வந்தால் எங்களவர்கள் சாமியிடம் எதையாவது தருகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். ஆட்டைக் கொடுப்பார்கள், மெழுகுவர்த்தி கொடுப்பார்கள், மொட்டை போடுவார்கள். சிலர் பிள்ளையையே கொடுப்பார்கள். அப்படியானால் தேவ அழைத்தல் என்பது பொய். என் தங்கை என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னது பொய்.

மடத்தில் பார்க்க விடுகிற ஞாயிறு வந்ததும் கிளம்பினேன். சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளியில் டீ குடிக்க டிரைவர் பஸ்ஸை நிறுத்தியபோது ஹாரனை நானே அமுக்கிவிடலாமா என்று இருந்தது. மடத்தில் பார்வையாளர் அறையில் உட்காரவைத்தார்கள். மூலையில் வயதான சிஸ்டர் ஒருவர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். தங்கை வந்தாள். தலையில் வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே முடி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்தாள். ஸ்டூடியோ போட்டோவில் இருந்தாளே, அவள்தான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஃபிலிம் அழிந்தது அவளுக்குத் தெரியாது. அதை வைத்துத்தான் கேட்டேன்.

"கெணத்தாண்ட நடந்தது எல்லாம் படத்துல விழுந்திருக்குடி. நான் மணிக்கூண்டு மேல இருந்தேன்."

அவள் முகம் வெளுத்தது. "அம்மா என் கால்ல விழுந்ததுமா?"

குடத்தை எடுக்கக் குனிந்ததாக நான் நினைத்தது அது. பெற்றவள் பிள்ளையின் காலில் விழுந்திருக்கிறாள். தங்கை பின்னால் நகர்ந்தது அதனால்.

"மொதல்ல சரின்னுட்டேன்க்கா. பெட்டியெல்லாம் கட்டின பின்னாடி, அன்னிக்கிக் காலையில என்னால முடியலே. போக மாட்டேன், அக்காகிட்ட சொல்லிடுவேன்னேன். ஒடனே விழுந்துட்டாங்க."

"எதுக்குடி அப்படி ஒரு நேர்ச்சை? உனக்கு என்ன வந்துச்சி?"

அவள் மூலையில் இருந்த சிஸ்டரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இல்லக்கா. உனக்கு. பன்னெண்டு வயசுல உனக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கை விட்டுட்டாங்களாமே. பெரியவளை எனக்கு விட்டுரு, சின்னவளை உனக்கே குடுத்துடறேன்னு வேண்டிக்கிட்டாங்களாம். எனக்கு அப்ப ரெண்டு வயசு."

காய்ச்சல் எனக்கு நினைவிருக்கிறது. கஞ்சியும் மருந்து வாசனையும் மொட்டையடித்த தலையும் நினைவிருக்கிறது. எழுந்து உட்கார்ந்த அன்று தங்கையைத் தூக்கி என் பக்கத்தில் விட்டார்கள், நான் அவளைக் கொஞ்சினேன். அதற்கு முன்பே அவளைக் கொடுத்தாகிவிட்டது. நான் அவளுக்குப் பின்னிவிட்ட பின்னலெல்லாம் கொடுத்துவிட்ட பிள்ளைக்குப் பின்னியது. அது முதலில் அம்மாவுக்கும் பிறகு அவளுக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியாது.

"எழுந்திரு. பஸ் இருக்கு. வா போலாம்" என்றேன்.

"வந்து உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"இதையெல்லாம் நம்பறியாடி நீ?"

"நம்பறேனா இல்லியான்னு தெரியலே. ஆனா உன்னை வெச்சி சோதிச்சிப் பாக்க முடியாதில்லக்கா."

"என்கிட்ட ஏண்டி சொல்லலே?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்டே" என்றாள். அதுவரைக்கும் மடியில் கிடந்த அவள் கை எழுந்து என் கன்னத்தைத் தொட வந்தது. மூலையில் சிஸ்டர் தொண்டையைக் கனைத்தார். கை திரும்ப மடிக்கே போய்விட்டது.

வெளியே வந்து ரோட்டோரம் நின்று வாய்விட்டு அழுதேன். அம்மா மேல் கோபம், சாமி மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தங்கை மேல் கோபம். யாரிடமும் நான் உயிரைப் பிச்சை கேட்கவில்லை. வளர்த்தவளை ஒரு வார்த்தை கேட்காமல், வளர்த்தவளுக்காக என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். இனி நான் மூச்சு விடுகிற ஒவ்வொரு நாளும் அவள் அங்கே இருப்பாள். இதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமோ? என்னை இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

மடத்துக்குப் போய்வந்ததை அம்மாவிடம் சொன்னேன். கேட்டதையும் சொன்னேன். சுமை இறங்கினவள் மாதிரி பெருமூச்சு விட்டாள். அதன் பிறகு அவளுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. மாதாமாதம் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போய்வந்தாள். தங்கைக்கு மடத்தில் கன்னியாஸ்திரியின் வெள்ளை உடுப்புக் கொடுத்த பிறகு ஒரு நாள், முகமெல்லாம் சிரிப்பாக வந்து என்னிடம் சொன்னாள்:

"இப்ப நல்லாச் சிரிக்கிறாடி. அந்தக் கேமராவை எடுத்துக்கினு போயி ஒரு படம் எடு. இப்ப எடுத்தா நல்லா வரும். அதுக்கு முன்னாடி என்னையும் கொஞ்சம் எடு. அவளுக்குக் காட்டலாம். பாவம், வீட்டையும் என்னையும் பாக்க ஏங்குது."

அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தேன். முற்றத்தில் முக்காலி போட்டு, வெயில் முகத்தில் விழுகிற மாதிரி உட்காரச் சொன்னேன். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டாள், சிலுவையை எடுத்து முந்தானைக்கு மேலே விட்டுக்கொண்டாள். நடு லென்ஸைத் திருப்பி வைத்து, முழுச் சாவி கொடுத்து, அழுத்தினேன். ஸ்பிரிங் சீராக ஓடியது. முதலில் விறைப்பாக இருந்தவள் மெல்லச் சிரித்தாள். பிறகு அந்தப் படத்தில் குரல் வராது என்பதையும் மறந்து மகளிடம் பேச ஆரம்பித்தாள். நல்லா சாப்புடு கண்ணு, குளுருல வெறுங்கால்ல நிக்காதே, அம்மாவைக் கோவிச்சிக்காதே என்றாள். பேசப் பேசக் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். ஸ்பிரிங் நிற்கும் போதெல்லாம் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தையும் விடவில்லை.

கேமராவுக்குள் ஃபிலிம் இல்லை.

"எப்படி வந்திருக்கு?" என்றாள்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றேன்.

அடுத்த மாதம் மடத்துக்குக் கிளம்பும்போது படம் வந்துவிட்டதா என்று கேட்டாள். பம்பாயிலிருந்து இன்னும் வரவில்லை என்றேன். அதற்கடுத்த மாதமும் கேட்டாள். கேட்டுக்கொண்டேதான் இருந்தாள், நான் ஒரு தடவையும் உண்மையைச் சொல்லவில்லை.